ஜாயின்டரில் குட்டைக் கட்டையை விட்டபோது நடந்தது

வட்ட ரம்பத்தைக் கண்டால் எல்லாருமே கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்கள். பலகையின் முகத்தைச் சீவி நேராக்கும் மெஷினான ஜாயின்டரிடம் அந்தப் பயம் வருவதில்லை. பார்த்தால் வெறும் இரும்பு மேசை மாதிரி இருக்கும். அடியில் பிளேடுகள் பொருத்திய கட்டர் நிமிடத்துக்கு 5,000 சுற்று அளவில் ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் படாது.

எங்கள் பட்டறையில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர், நல்ல கைக்காரர். அறுத்ததில் மிஞ்சிய ஒரு சாண் நீளக் கட்டையை நேராக்க ஜாயின்டரில் விட்டார். முதல் தடவை சுத்தமாகப் போனது. அடுத்த தடவை கட்டையை முன்பின் மாற்றிப் போட்டுவிட்டார், நார் எதிராகிவிட்டது. படாரென்று ஒரு சத்தம். கட்டை அவர் இடுப்பை உரசிக்கொண்டு பின்சுவரில் போய் அடித்தது. அழுத்திக்கொண்டிருந்த கைக்குத் தாங்கல் போனதும் அது அப்படியே கட்டர் மேல் சரிந்தது. கையில் தள்ளுகட்டை (பலகையை அழுத்தித் தள்ளும் பிடி வைத்த கட்டை) இருந்ததால் விரல் பிழைத்தது. தள்ளுகட்டையின் முன் மூலையைத்தான் பிளேடு கடித்து எடுத்திருந்தது.

கட்டை போனதுமே ஸ்பிரிங் வைத்த பாதுகாப்பு மூடியான கார்டு திரும்பி வந்து கட்டரை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பிசினும் மரத்தூளும் சேர்ந்து ஸ்பிரிங்கை மந்தமாக்கியிருந்தன. அன்றிலிருந்து மெஷினைப் போடும் முன் கார்டை விரலால் இழுத்து விட்டுப் பார்க்கிறோம். சட்டென்று ஃபென்ஸில் (பலகையைச் சாய்த்து ஓட்டும் பக்கத் தடுப்பில்) வந்து முட்டினால்தான் சுவிட்சில் கை வைப்போம்.

யோசித்தால், பலகை ஓடும்வரை பலகைதான் கட்டருக்கு மூடி. பலகை முடிகிற இடத்திலும், திடீரென்று பறந்துவிடும்போதும்தான் ஆபத்து. கட்டர் நம்மை நோக்கிச் சுற்றுவதால் பலகையைப் பிடித்தால் பின்னால்தான் வீசும்; அதனால் பலகைக்கு நேர் பின்னே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். 12 அங்குல நீளத்துக்குக் குறைந்த எதையும் இப்போது நாங்கள் விடுவதில்லை. ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் எடுத்தால் தாராளம். ஆடும் கணு இருந்தால் அந்தப் பலகையை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

தள்ளுகட்டையின் அடி ரப்பரையும் பாருங்கள். தூள் படிந்து பளபளவென்று ஆகிவிட்டால் பலகையைப் பிடிக்காது, வழுக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே பிடிப்பு திரும்பிவிடும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

*

அண்ணா, கார்டு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. பழைய இரும்புக்குப் போக இருந்த ஒரு மெஷினைப் பிரித்தபோது கட்டர் தலை சதுரமாக இருந்ததைப் பார்த்தேன். தட்டையான பக்கம் மேலே வரும்போது மேசைக்கும் தலைக்கும் நடுவே விரல்கள் மொத்தமாக இறங்கும் அளவுக்கு இடைவெளி. அந்தக் காலத்தில் கையே போனது என்று ஏன் சொன்னார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டைத் தலை வந்தபிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனாலும் விரல் நுனிக்கு அது போதும். ரம்பம் அறுக்கும், இது சதையைச் சீவியே எடுத்துவிடும், டாக்டருக்கு ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஒரு சந்தேகம். கை வழுக்காமல் இருக்கக் கையுறை போடலாமா? அப்புறம், குட்டைத் துண்டுதான் வேண்டும் என்றால் என்ன செய்வது?

*

கையுறை வேண்டவே வேண்டாம் தம்பி. ஒரு நூல் பிளேடில் சிக்கினால் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். முழுக்கைச் சட்டையையும் மடித்துவிடுங்கள்.

குட்டைத் துண்டுக்கு ஒரே வழி, நீளப் பலகையாக இருக்கும்போதே நேராக்கிவிட்டு அப்புறம் அறுப்பது. ஏற்கெனவே அறுத்தாயிற்று என்றால் வைஸில் இறுக்கி இழைப்புளியால் தள்ளுங்கள். அவ்வளவு சின்னத் துண்டுக்கு மெஷினை ஓட்டும் நேரத்தில் கையாலேயே வேலை முடிந்துவிடும்.