பெகாசஸ்: கத்தி செய்த கொல்லன் மேல் பழி போடலாமா?

கரிசல்காடு:
2016 ஆகஸ்ட். ஐக்கிய அரபு அமீரகத்தில் அகமது மன்சூர் என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளருக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. சிறைச் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள் இந்த லிங்க்கில் இருக்கின்றன என்று. மனிதர் ஏற்கெனவே சூடுபட்டவர். லிங்க்கைத் தொடாமல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் இணைய உளவை ஆராயும் சிட்டிசன் லேபுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் தங்கள் ஐபோனில் திறந்தார்கள். வெற்றுப் பக்கம். சில நொடிகளில் பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. அதற்குள் போனின் கட்டுப்பாடு பறிபோயிருந்தது. உள்ளே புகுந்தது இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் விற்கும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள். அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது அந்த நிறுவனம். எனக்குப் பயமே அங்கேதான். இந்த வியாபாரத்தையே தடை செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
தம்பி, நான் 22 வருடம் காக்கி போட்டவன். முன்பெல்லாம் கடத்தல்காரன் போனை ஒட்டுக் கேட்க அனுமதி வாங்கினால் போதும், குரல் காதில் விழும். இன்று எல்லாம் வாட்ஸ்அப் கால். பேச்சு பூட்டுப் போட்டு சங்கேதமாகப் போகிறது, அனுமதி கையில் இருந்தாலும் ஒரு சத்தம் கேட்காது. இந்த மாதிரி உளவு மென்பொருளை அமெரிக்காவும் சீனாவும் சொந்தமாகவே செய்துகொள்ளும், சின்ன நாடு கடையில்தான் வாங்க வேண்டும். இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகம் அனுமதித்தால்தான் ஏற்றுமதியே. அப்புறம், வெட்டியவனை விட்டுவிட்டுக் கத்தி செய்த கொல்லனையா பிடிப்பது?

பொன்னி:
கடத்தல்காரன் மட்டும்தானா ஐயா? மெக்சிகோவில் குளிர்பான வரியை ஆதரித்த ஒரு ஆய்வாளருக்கும் இதே லிங்க்குகள் போயின. உங்கள் மகள் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஒரு செய்தி. பெற்ற வயிறு பதறி அமுக்கிவிடும் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீருக்கு வரி கேட்டவர் பயங்கரவாதியா?

ஓய்வுபெற்ற ஏட்டு:
அது அயோக்கியத்தனம், மறுக்கவில்லை. ஆனால் செய்தது வாங்கியவன்.

கரிசல்காடு:
இல்லை. 1,400 பேர் வரை குறிவைக்கப்பட்டதாக 2019-இல் என்எஸ்ஓ மேல் வாட்ஸ்அப் வழக்குப் போட்டது. அதில் வெளிவந்த ஆவணங்களைப் பாருங்கள்: வாங்கியவர் போன் நம்பரைத் தட்டிப் பொத்தானை அமுக்கினால் போதும், மீதி வேலை முழுக்க என்எஸ்ஓவின் ஏற்பாடு என்று வாட்ஸ்அப் தரப்பு வாதிட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் என்எஸ்ஓவையே பொறுப்பாளி என்றது. எந்தக் கொல்லன் ஆளை மட்டும் காட்டு, வெட்டு என்னுடையது என்கிறான்?

முத்துச்செல்வன்:
நடுவில் ஒரு வார்த்தை. நான் மென்பொருள் சோதிக்கிற ஆள். இவர்கள் விற்பது போன் மென்பொருளில் இருக்கும் ஓட்டையை, உள்ளே நுழைய வழிவிடும் பிழையை. ஆப்பிளிடம் சொன்னால் அடைத்துவிடுவார்கள், சரக்கு செத்துவிடும். அதனால் சொல்வதில்லை. மன்சூர் விஷயம் வெளிவந்ததும் ஆப்பிள் 9.3.5 என்று ஒரு அப்டேட் விட்டது, ஞாபகம் இருக்கிறதா? அதுவரை அந்த ஓட்டை நம் ஏட்டய்யா மாதிரி ஆட்கள் வைத்திருந்த ஐபோனிலும் இருந்தது.

ஓய்வுபெற்ற ஏட்டு:
என்னிடம் இருந்தது பட்டன் போன்! சரி, அந்தப் பொத்தான் சமாச்சாரம் எனக்குப் புதிது. கொல்லன் கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அனுமதி கையில் இருக்கிறவன் அந்த வாட்ஸ்அப் காலை எப்படிக் கேட்பான்? அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பொன்னி:
கேட்க வேண்டாம் ஐயா. பின்தொடர்ந்து பிடியுங்கள், வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் நீங்கள் பிடித்தீர்கள்தானே? கேட்கிற கருவி எப்படிப்பட்டவர்கள் மேல் பாய்கிறது என்றும் பாருங்கள்: மன்சூரை 2017-இல் கைது செய்தார்கள், அடுத்த வருடம் பத்து ஆண்டு தண்டனை. சமூக ஊடகத்தில் எழுதியதற்கு.