மலத்துல எண்ணெய் மிதக்குதுங்க, யாருக்காச்சும் தெரியுமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம் பக்கம்):
என்ற அப்பாவுக்கு 52 வயசுங்க, மூணு மாசமா வெளிக்கு போனா வெளுத்த மஞ்சளா பிசுபிசுன்னு இருக்குது, ரெண்டு வாளி தண்ணி ஊத்துனாலும் பீங்கான்ல ஒட்டிக்குது, மேல எண்ணெய் படலமா மிதக்குது. நல்லாத்தான் சாப்பிடுறாரு, ஆனா 9 கிலோ எறங்கி வேட்டி இடுப்புல நிக்கறதில்ல. இங்க அல்சர் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. பயமா இருக்குதுங்க.

பதில் 1:
தம்பி, கொழுப்பு செரிக்காம அப்படியே வருதுங்க. எனக்கும் இதேதான், ஸ்கேன்ல கணையத்துல கல்லு. மலத்துல எலாஸ்டேஸ் (சாப்பாடு செரிக்க கணையம் சுரக்கற ஒரு நொதி) டெஸ்ட் கேளுங்க, ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு கீழ வந்தா கணைய நொதி பத்தலைன்னு சந்தேகம். நான் நொதி மாத்திரைய சோத்தோடவேதான் முழுங்கறேன், வெறும் வயித்துல போட்டா பிரயோஜனமில்ல. குடிப்பழக்கம், பீடி இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. சுகரும் பாத்துருங்க, கணையம் கெட்டா அதும் வரும்.

பதில் 2:
கணையம்னே முடிவு பண்ணிராதீங்க. பித்தநாளத்துல அடைப்பு, கோதுமை ஒத்துக்காத சீலியாக், ஜியார்டியா கிருமி, இதுலயும் இப்படி ஆகும். கண்ணு மஞ்சளா இருக்குதா பாருங்க, இருந்தா ஒரு நாள்கூட தள்ளாதீங்க. கொழுப்பு சேராட்டி வைட்டமின் ஏ, டி, இ, கே நாலும் சேராது, எங்கம்மாவுக்கு எலும்பே வலுவிழந்துருச்சு. எண்ணெய மொத்தமா நிறுத்தாதீங்க, இன்னும் எளச்சுருவாரு.

கேட்டவர்:
கண்ணு லேசா மஞ்சளாத்தானுங்க இருக்குது. விடிஞ்சதும் கோயமுத்தூருக்கு வயித்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேனுங்க.