மெரினா, நொச்சிக்குப்பம், சாந்தோம்: 12 பேருக்கு வழிகாட்டி சைக்கிள் சுற்று, இந்தத் திட்டம் ஓடுமா?

ரெண்டுசக்கரம் கேட்டது:

பிப்ரவரி நடுவில் ஒரு ஞாயிறு காலை 12 பேரைச் சென்னைக் கடற்கரையோரம் சைக்கிளில் கூட்டிப்போக வேண்டும். பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள், இரண்டு பேருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. எல்லாமே வாடகை வண்டி: ஏழு ஹைப்ரிட் (நகரச் சாலைக்கு ஏற்றது), ஐந்து எம்டிபி (தடித்த டயர் போட்ட மலைப்பாதை சைக்கிள்).

போட்டு வைத்திருக்கும் திட்டம்: 6.30க்கு நேப்பியர் பாலத்தில் சூரிய உதயம். அப்புறம் செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், கலங்கரை விளக்கம், நொச்சிக்குப்பம், சாந்தோம், அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம், கடைசியில் பெசன்ட் நகர். மொத்தம் எட்டு நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். தூரம் 11 கி.மீ.தான் என்பதால் 8.30க்கு முடியும் என்று கணக்கு.

நேரக் கணக்கு சரியா? கடலை ஒட்டி மீனவர் குப்பங்கள் வழியாகப் போகும் லூப் ரோட்டில் போவதா, சாந்தோம் நெடுஞ்சாலையில் போவதா? கையில் என்ன சாமான் இருக்க வேண்டும்?

---

கலங்கரை:

முதலில் கணக்கைப் பார்ப்போம். பழக்கமில்லாத ஆட்கள் இருக்கிற குழு ஊருக்குள் மணிக்கு 12 கி.மீ. போனால் பெரிய விஷயம். 11 கி.மீ.க்கு 55 நிமிடம். எட்டு நிறுத்தம் இரண்டு மணி நேரம். இதிலேயே 9.25 ஆகிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்டாண்டு போட, ஹெல்மெட் கழற்றி மாட்ட, தலை எண்ண என்று நாலைந்து நிமிடம் தனியாகப் போகும். ஆக 10 மணி. பிப்ரவரி என்றாலும் 9 மணிக்கு மேல் காமராஜர் சாலையில் நிழல் தேடி அலைய வேண்டும். ஐந்து நிறுத்தத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது சாலையின் அமைப்பு. நேப்பியரிலிருந்து தெற்கே போனால் நீங்கள் இடப்பக்கம், அதாவது கடல் பக்கம். செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரிக் கல்லூரி எல்லாமே நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம். கட்டடம் ஒவ்வொன்றுக்கும் 12 சைக்கிளை ஆறு வழிச் சாலையைத் தாண்டி உருட்டிப் போவீர்களா? ஒரு தடவை தாண்டுவதற்குள் குழு மூன்றாகப் பிரியும். கட்டடங்களை வடக்கே போகும்போது பாருங்கள், கடலைத் தெற்கே வரும்போது பாருங்கள்.

மூன்றாவது, சூரிய உதயம். பிப்ரவரி நடுவில் உதயம் 6.30ஐ ஒட்டி. ஆனால் மெரினாவில் சாலைக்கும் அலைக்கும் நடுவே சராசரியாக 300 மீட்டர் மணல். சைக்கிள் அதில் இறங்காது. பூட்டிவிட்டு நடந்து போய்வரவே அரை மணி. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022இல் போட்ட 263 மீட்டர் மரப்பாதை மாற்றுத்திறனாளிகளுக்கானது, அதில் வண்டி ஏற்றக் கூடாது. அறுபது தாண்டியவர்கள் வேண்டுமானால் நடந்து போகலாம். சாலையிலிருந்தே கடல் தெரிகிற இடம் லூப் ரோடுதான்.

அதனால் கலங்கரை விளக்கத்தை நடுவில் வைத்து 8 போட்டதுபோல இரண்டு வளையமாக ஓட்டுங்கள்.

5.45 கலங்கரை விளக்கத்தில் கூடல். வண்டி உயரம் சரிபார்ப்பு, பிரேக் சோதனை, ஐந்து நிமிடப் பேச்சு. 6.15க்குக் கிளம்பி லூப் ரோட்டில் தெற்கே. கடல் இடக்கைப் பக்கம். நொச்சிக்குப்பம் தாண்டி, படகுகள் இல்லாத இடைவெளி பார்த்து உதயத்துக்கு நிறுத்தம். பட்டினப்பாக்கம் வரை போய், சாந்தோம் நெடுஞ்சாலை வழியாக வடக்கே திரும்புங்கள். இந்த வளையம் ஏறத்தாழ 5 கி.மீ.

சாந்தோம் பேராலயம் இந்தத் திசையில் வலக்கைப் பக்கம் விழும். சைக்கிள்கள் இடப்பக்கமே நிற்கட்டும், காவலுக்கு ஒருவர். மற்றவர்கள் சிக்னலில் நடந்து கடக்கட்டும். ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் கோயிலுக்குள் கூட்டமாக நுழைய வேண்டாம். தோமையார் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வாசல் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டியது 16ஆம் நூற்றாண்டில், இப்போது நிற்கிற கோதிக் கட்டடம் 1896இல் முடிந்தது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய.

பிறகு காமராஜர் சாலையில் வடக்கே, கட்டடங்களை ஒட்டி. விவேகானந்தர் இல்லம் 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னாலே போதும், அங்கே பத்து நிமிடம் ஓடிவிடும். ராபர்ட் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸில் இன்னொரு நிறுத்தம். 1869இல் கட்டிய நேப்பியர் பாலத்தைத் தாண்டி, போர் நினைவுச் சின்னத்தில் திரும்பி, கடல் பக்கமாகத் தெற்கே கலங்கரை விளக்கம். இந்த வளையம் 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 13 கி.மீ., ஐந்து நிறுத்தம், 8.30க்குள் முடியும். கிளம்பிய இடத்திலேயே முடிவதால் வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் சிரமமில்லை.

மெட்ரோ வேலைத் தடுப்புகள் காமராஜர் சாலையில் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவழி மாற்றங்களும் வரும். முந்தைய ஞாயிறு அதே நேரத்தில் தனியாக ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வரைபடத்தை நம்பி மட்டும் போக வேண்டாம்.

---

நொச்சிநகர்:

லூப் ரோடு முதல்ல, அது சரி. ஆனா ஞாயிறுன்னா இன்னும் ஒண்ணு கவனிங்க. வாரத்துலயே மீன் வாங்க அதிகம் பேர் வர்ற நாள் அது. ஏழு மணிக்கு மேல கார், ஸ்கூட்டர் எல்லாம் கண்ட இடத்துல நிக்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியாது. 2024ல நவீன மீன் சந்தை திறந்தாங்க, ஆனாலும் அந்த நேரத்துல அந்தப் பக்கம் நெரிசல்தான். 7க்கு முன்னாடி தாண்டிடுங்க. சனிக்கிழமைக்கு மாத்த முடிஞ்சா இன்னும் நல்லது.

ரோட்டுல மீன் தண்ணியும் செதிலும் இருக்கும். எண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கும். அந்த இடத்துல ஹேண்டிலைத் திருப்பக் கூடாது, முன் பிரேக் பிடிக்கக் கூடாது. வேகத்தை முன்னாடியே குறைச்சு நேரா உருண்டு போயிடணும்.

வலை காயப்போட்டிருப்பாங்க, சிக்கெடுத்துட்டு இருப்பாங்க. பொடி வலைன்னா ரோட்டு நிறத்துலயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் ஏறினா இழை அறுந்து ஒரு ஆளோட அரை நாள் வேலை போச்சு, உங்க பின் சக்கரத்துலயும் சுத்திக்கும். செருப்புக் காலோட வலையைத் தாண்டாதீங்க. சைக்கிளைப் படகு மேல சாய்க்காதீங்க, படம் எடுக்க ஏறி உட்காராதீங்க.

போட்டோ கேட்டுட்டு எடுக்கணும். படகுல இருந்து மீன் இறக்கி ஏலம் போற நேரத்துல யாரும் உங்க கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாங்க, தள்ளி நின்னு பாருங்க. வலை பின்னிட்டு இருக்கிறவங்க பேசுவாங்க. ரெண்டு பேரா போய்க் கேளுங்க, பன்னெண்டு பேர் சுத்தி நின்னா யாருக்கும் பிடிக்காது.

வழிகாட்டிங்க அடிக்கடி தப்பாச் சொல்றது ஒண்ணு: ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்போ இங்க படகே போகாதுன்னு. தடை விசைப்படகுக்குத்தான். இங்க இருக்கிறது ஃபைபர் படகு, அது அப்பவும் போகும்.

---

ஸ்போக்:

சாமான் விஷயத்துக்கு வருகிறேன்.

வாடகைக் கடையில் சில நேரம் காற்றைக் கல்லு மாதிரி அடித்துத் தருவார்கள். 700x38 அளவு ஹைப்ரிட் டயருக்குக் காற்றழுத்தம் 50 முதல் 60 பிஎஸ்ஐ, 26x2.1 எம்டிபிக்கு 35 முதல் 40 போதும். ஓட்டுபவர் கனமானவர் என்றால் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். ரொம்ப இறக்கிவிடவும் கூடாது, வேகத்தடை விளிம்பில் டியூப் நசுங்கிப் பாம்புக் கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும்.

டியூப் 700சி இரண்டு, 26 இரண்டு. எம்டிபிகள் 26தானா 27.5ஆ என்று டயர் பக்கவாட்டில் படித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். வால்வும் அப்படியே: கார் வால்வா, ஒல்லி வால்வா, பழைய சைக்கிள் வால்வா என்று பன்னிரண்டு வண்டியிலும் பாருங்கள். பம்ப் தலை பொருந்தாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. டயர் லீவர் மூன்று, ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள். அலன் கீ 4, 5, 6. வாடகை வண்டிகளில் பின்சக்கரம் பெரும்பாலும் நட்டில் இருக்கும், எனவே 15 எம்எம் ஸ்பேனர் கட்டாயம். செயின் கட்டர் ஒன்று, அறுந்த செயினை இணைக்க 7, 8 ஸ்பீடுக்கான குயிக் லிங்க் இரண்டு. ரோட்டில் ஒட்டுப் போட உட்காராதீர்கள். டியூபை மாற்றி எட்டு நிமிடத்தில் கிளம்புங்கள், ஓட்டையை வீட்டில் பாருங்கள்.

செயினுக்கு முந்தைய நாளே எண்ணெய் போட்டு, வெளிப்பக்கம் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். காலையில் சொட்டச் சொட்ட விட்டால் மணல் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும், பல்சக்கரம் தேய்வது அதனால்தான். மெரினா உட்புறச் சாலை ஓரங்களில் காற்று கொண்டுவந்த மணல் ஒரு விரல்கடை கனத்துக்குப் படிந்திருக்கும். ஆழமாகத் தெரிந்தால் இறங்கித் தள்ளுவதே மேல். முன்சக்கரம் மணலில் வழுக்கினால் பிடிக்க முடியாது.

ரிம் பிரேக் வண்டிகளில் பிரேக் கட்டைக்குள் மணல் புகுந்தால் கரகர சத்தம் வரும். நிறுத்தத்தில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மில் கோடு விழும். டிஸ்க் வண்டிக்கு அருகில் யாரையும் ஸ்பிரே எண்ணெய் அடிக்க விடாதீர்கள். ஒரு துளி தட்டில் பட்டாலும் பிரேக் பிடிக்காது, பேடையே மாற்ற வேண்டும்.

சொந்த வண்டி கொண்டுவருபவர்களுக்கு: அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய். பிரஷர் பம்ப் வேண்டாம், ஹப்பிலும் பெடல் அச்சிலும் உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். கடலோரமே ஓட்டுபவர்கள் சீட் குழாயைக் கழற்றி கிரீஸ் தடவி வையுங்கள். அலுமினியக் குழாய் உப்புக் காற்றில் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும் பாடு.

---

கடைசிவண்டி:

குழு நடத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. 12 பேருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் ஓடியாட ஒருவர். பின்னால் வருபவரிடம்தான் ரிப்பேர்ப் பை இருக்க வேண்டும். பஞ்சரான வண்டி பின்னால்தான் தங்கும், முன்னால் போனவர் பையோடு திரும்பி வர முடியாது.

ஒற்றை வரிசை, ஒரு சைக்கிள் நீள இடைவெளி. வேகத்தை முன்னால் போகிறவர் வைக்கக் கூடாது. மிக மெதுவாக ஓட்டுபவரை இரண்டாவது இடத்தில் விட்டு, அவர் வேகத்தில் முன்னவர் போக வேண்டும். மெதுவானவரைக் கடைசியில் விட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மற்றவர்கள் இளைப்பாறி முடிந்த பிறகுதான் அவர் வந்து சேருவார், வந்ததும் கிளம்பச் சொல்வீர்கள். அறுபது வயதுக்காரர்கள் பாதியில் சோர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

சிக்னலில் குழு பிரிந்தால் முன்பகுதி சந்திப்பைத் தாண்டி 40 மீட்டர் போய் இடப்பக்கம் நிற்கட்டும், வாயிலேயே நிற்கக் கூடாது. பின்பகுதி சிவப்பில் பாய வேண்டாம் என்று கிளம்பும் முன்பே சொல்லுங்கள். மாநகரப் பேருந்து நிறுத்தத்துக்கு ஒதுங்கினால் இடப்பக்கமும் நுழையாதீர்கள், வலப்பக்கமும் முந்தாதீர்கள். பேருந்து கிளம்பும்வரை பின்னால் நிற்பதுதான் வழி. ‘பள்ளம்’, ‘நிக்கிறேன்’, ‘வண்டி’ என்ற மூன்று குரல் போதும், வெளியூர்க்காரர்களுக்குக் கைச் சைகையோடு காட்டிவிடுங்கள்.

மாநகராட்சிக் கழிப்பறை எது காலை ஆறுக்குத் திறந்திருக்கிறது என்பதை ஒத்திகை நாளில் நேரில் பாருங்கள். பலகை இருந்தும் பூட்டியிருப்பது உண்டு, முதலில் அவதிப்படுவது பெண்கள்தான்.

---

ரெண்டுசக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமைக்கு மாற்றுகிறேன், இரண்டு வளையத் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். சிலர் பெசன்ட் நகர் இல்லாமல் முடியாது என்கிறார்கள். இன்னும் சிலர் வடக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் வேண்டும் என்கிறார்கள்.

---

கலங்கரை:

காசிமேடு வேண்டாம். துறைமுகத்தைத் தாண்டி வடக்கே கன்டெய்னர் லாரிகளோடு ஓட்ட வேண்டும், புதியவர்களுக்கு ஏற்ற சாலை அல்ல. காசிமேட்டைப் பற்றிப் பேச நேப்பியர் பாலமே போதுமான இடம். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை அரித்துக் கல் கொட்ட வேண்டிவந்தது. அந்த 300 மீட்டர் மணல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள், அங்கே நின்று இதைச் சொல்லுங்கள்.

பெசன்ட் நகர் போகலாம், ஆனால் உடைந்த பாலம் வழியாக அல்ல. வரைபடத்தில் சீனிவாசபுரத்திலிருந்து கடலோரமாக நேரே போகிற மாதிரித் தெரியும். 1967இல் மீனவர்களுக்காகக் கட்டிய அந்தப் பாலம் 1977 வெள்ளத்தில் போய்விட்டது, தாண்ட முடியாது. கைப்பிடியும் பாதுகாப்பும் இல்லாத இடம் என்பதால் நிறுத்தமாகவும் வைக்காதீர்கள். திரு.வி.க. பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே பேருந்துகள் வேகமாக வரும், மெட்ரோ வேலையால் வழியும் குறுகியிருக்கும். பாலத்தில் நிற்கவோ படம் எடுக்கவோ விடாதீர்கள். இறங்கியதும் இடப்பக்கம் பிரம்மஞான சபை வாசல், அதற்கப்புறம் இடது திரும்பினால் பெசன்ட் அவென்யூ. அந்தச் சாலை மரநிழல், சமதளம், அங்கே எல்லோருக்கும் மூச்சு வரும்.

இப்படிச் செய்யுங்கள்: 8.30க்குக் கலங்கரை விளக்கத்தில் சுற்றை முடித்ததாக அறிவித்து, வேண்டியவர்களை மட்டும் இரண்டாம் கட்டமாகப் பெசன்ட் நகருக்கு அழைத்துப் போங்கள். கூடுதல் 7 கி.மீ., முக்கால் மணி. நிறுத்தம் ஒன்றே ஒன்று, அங்கே கடற்கரையில் இருக்கிற ஷ்மிட் நினைவுச் சின்னம். திரும்பி ஓட்ட வேண்டாம். ஒரு குட்டியானையை (சிறிய சரக்கு வண்டி) 9.45க்கு அங்கே வரச் சொல்லுங்கள். சைக்கிள்களைப் பெடலும் கியரும் மோதாமல் முன்பின்னாகத் திருப்பி, நடுவில் பழைய போர்வை வைத்து அடுக்குங்கள். கியர் இருக்கிற வலப்பக்கம் அடியில் போகக் கூடாது, பின்கியர் தாங்கி வளைந்தால் வாடகைக் கடைக்காரர் முன்பணத்தில் பிடிப்பார்.

தேதியையும் பாருங்கள். மாசி மகம் பிப்ரவரி, மார்ச்சில் வரும், அன்று சுவாமி தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளும் கூட்டத்தில் சைக்கிள் உருளாது. இதே சுற்றை ஜனவரியில் நடத்துவதானால் குடியரசு நாள் ஒத்திகைக்குக் காமராஜர் சாலையை மூடும் நாட்களையும் காணும் பொங்கலையும் விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா, அப்போது பெசன்ட் நகர்ப் பகுதி வேண்டாம்.