மில் ஆளையும் பனியன் கம்பெனி ஆளையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: திருப்பூரில் 14 மெஷின் வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். மச்சான் பல்லடம் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர். "என் ஆள் ஒருத்தர் செய்வதை உன்னிடம் ஐந்து பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாது" என்கிறார். எங்கள் ஓவர்லாக் டெய்லர் எட்டரைக்கே உட்கார்ந்துவிட்டார். தைக்க வேண்டிய வெட்டிய துணி (கட்டிங்) வந்தது 11 மணிக்கு. அது அவர் குற்றமா?

பதில் 1: மில்லில் கணக்கு சுலபம் அண்ணே. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி (ஓர் ஆள் ஒரு மணி நேரம் பார்க்கும் வேலை) என்று பார்ப்பார்கள். அதிலும் 40-ம் நம்பர் நூலையும் அதைவிட மெல்லிய 80-ம் நம்பரையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பு. நூல் மெலிய மெலிய நேரம் கூடும். மில்லுக்கு மில்லே இந்தப் பாடு, நீங்கள் பனியனைக் கொண்டு வருகிறீர்கள்!

பதில் 2: நூலைத் தானாகவே கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் செய்கிற வேலையையும் மச்சான் ஆள் கணக்கில் சேர்க்கிறார். மெஷினுக்குப் போட்ட காசைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

பதில் 3: நான் கோவையில் ஃபவுண்டரி, உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் தொழில். ஊற்றியதெல்லாம் உற்பத்தி இல்லை. காற்றுக்குழி விழுந்த காஸ்டிங் திரும்ப உலைக்குத்தான். நீங்களும் ஆல்டர் பீஸை (தையல் தப்பித் திருத்த வேண்டியதை) கழித்துவிட்டு எண்ணுங்கள்.

கேட்டவர்: சரி, நேற்றிலிருந்து டெய்லர் சும்மா உட்கார்ந்த நேரத்தையும் நோட்டில் எழுதுகிறேன். முதல் நாளே 3 மணி 10 நிமிடம். அதில் பாதி, நூல் கோன் கலர் மாறி வந்ததால். வாங்கி வந்தது நான்தான்.