காம்பவுண்ட் வில்லில் (சக்கரம் வைத்த வில்) அம்பின் வேகம் 16 எஃப்பிஎஸ் (விநாடிக்கு அடி) இறங்கிவிட்டது, உதவுங்கள்

மண்டபம்_50மீ:
அவசரம். ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். மாசி மாசம் க்ரோனோகிராஃப்ல (வேகம் அளக்கற கருவி) 265 காட்டுச்சு, இப்ப 249தான். அதே வில், அதே அம்பு. 50 மீட்டர்ல பழைய சைட் (குறி பாக்கற கருவி) மார்க்கை வச்சு விட்டா 5 வளையத்துக்கும் வெளிய, கீழ போய்க் குத்துது. லிம்ப் (வில்லோட வளையற கை) போல்ட்டை ரெண்டு சுத்து இறுக்கிடவா? வேகம் ஏற வழி சொல்லுங்க.

உச்சிப்புளி_டியூனர்:
போல்ட்டைத் தொடாதீங்க தம்பி. முதல்ல இதெல்லாம் சொல்லுங்க: இழுவிசை எவ்வளவு, டிரா லெங்த் (முழுசா இழுக்கற நீளம்) எவ்வளவு, அம்பு எடை எத்தனை கிரெயின், எந்த வகை கேம் (லிம்ப் நுனியில சுத்தற சக்கரம்), கேபிள் (கேம்ல சுத்தற கயிறு) போட்டு எத்தனை மாசம், வில்லை எங்க வைக்கிறீங்க. இது தெரியாம யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

தொண்டி_வெள்ளைமணல்:
வில்லுல கோளாறே இருக்காது, க்ரோனோவைப் பாருங்க. உச்சி வெயில்ல வெள்ளை மணல் மேல வச்சா கீழருந்து எதிரொளி அடிக்கும், சென்சாருக்கு அம்போட நிழல் தெளிவா விழாது. மேல வெள்ளை டிஃப்யூசர் மாட்டுங்க. வில்லுக்கு முன்னாடி ஒரு மீட்டர் தள்ளி வைங்க. அம்பு ரெண்டு சென்சாருக்கும் நேரா போகணும், சாய்ஞ்சு போனா அளவு மாறும். சாயங்காலம் ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

கீழக்கரை_கேம்:
எனக்கென்னமோ உப்புக்காத்து வேலைன்னு தோணுது. நம்ம கரையில ஆக்சில் (கேம் சுத்தற அச்சு) ஓரத்துல இருக்கற சின்ன கிளிப்புதான் முதல்ல துரு ஏறும், அடுத்து பேரிங். கேபிள் ரோலர்ல மணல் சிக்கியிருந்தாலும் உராய்வு கூடும். துணியை நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு துடைங்க, தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க.

ராம்நாடு_சீனியர்:
கேக்கவே தெரியாம கேள்வி கேக்கறதும், பாக்காமலே வைத்தியம் சொல்றதும் இங்க வழக்கமாப் போச்சு. ‘அதே அம்பு’ன்னா என்ன அர்த்தம்? எடை போட்டியா? வில்லு கையில வந்த அன்னைக்கே ஆக்சிலுக்கு ஆக்சில் நீளம், பிரேஸ் ஹைட் (பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), இழுவிசை மூணையும் நோட்டுல எழுதி வைக்கணும். அதைச் செய்யாதவங்களுக்கு டியூனிங்கைப் பத்திப் பேச என்ன இருக்கு? தேங்காய் எண்ணெய் சொன்னவருக்கு ஒண்ணு: அது நாள்பட்டா பிசுக்காகி மணலை இழுத்து வச்சுக்கும். சீல் போட்ட பேரிங்குல எந்த எண்ணெயும் விடக்கூடாது.

மண்டபம்_50மீ:
60 பவுண்டு, 28 இஞ்ச். அம்பு 380 கிரெயின். ரெண்டு கேமும் ஒரே மாதிரி. கேபிள் வில்லோட வந்ததுதான். பை கார் டிக்கியில இருக்கும்.

உச்சிப்புளி_டியூனர்:
கார் டிக்கியா! சித்திரை, வைகாசி வெயில்ல மூடின டிக்கிக்குள்ள கிடந்தா கேபிள் இளகி நீளும். இன்னையிலருந்து பையை வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க.

380ங்கறது எடை போட்டதா, வாங்கும்போது சொன்னதா? நகைக்கடைத் தராசுல ஒரு முழு அம்பை வைங்க. முனை, நாக் (நாண்ல மாட்டற பின்பக்கம்), இறகு எல்லாம் சேர்ந்து இருக்கணும். கிராமை 15.43ஆல பெருக்கினா கிரெயின்.

இழுவிசைக்கு மீன் நிறுக்கற டிஜிட்டல் தொங்கு தராசு போதும், உச்ச அளவைப் பிடிச்சு நிறுத்தற வகையா இருக்கணும். உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டு, கொக்கியை டி-லூப்ல (நாண்ல கட்டின சின்ன வளையம்) மாட்டி, வில்லை ரெண்டு கையாலயும் மெதுவாக் கீழ அழுத்துங்க. உச்சம் தாண்டி தளரும் வரைக்கும் போய், அதே மெதுவா மேல விடுங்க. நடுவுல கையை விட்டுட்டா வெறும் நாண் அடிச்சு லிம்ப் போயிடும். 60 பவுண்டுன்னா 27.2 கிலோ வரணும்.

ஆக்சில் நடுவுலருந்து ஆக்சில் நடு வரைக்கும் டேப் பிடிச்சு, வில்லோட குறிப்புல போட்டிருக்கற நீளத்தோட ஒப்பிடுங்க. நீளம் கூடி இழுவிசை குறைஞ்சிருந்தா கேபிள் நீண்டிருக்குன்னு வச்சுக்கலாம்.

தேவிபட்டினம்_கணக்கு:
க்ரோனோ பொய் சொல்லல. 50 மீட்டர்னா 164 அடி. 265ல போனா 0.62 விநாடி, 249ல 0.66 விநாடி. காத்துத் தடையை விட்டுட்டுப் பாத்தாலும் கூடுதலா 25 செ.மீ. இறங்கும். 80 செ.மீ. ஃபேஸ்ல (இலக்குத் தாள்) 5 வளையத்தோட வெளி விளிம்பு நடுவுலருந்து 24 செ.மீ. அவர் சொன்ன இடத்துலதான் அம்பு குத்துது.

தொண்டி_வெள்ளைமணல்:
சரி, ஒத்துக்கறேன். ஆனா 380 எதுக்கு? 60 பவுண்டுக்கு 320 கிரெயின் போட்டா ஒரே நாள்ல 20 எஃப்பிஎஸ் ஏறுமே.

பாம்பன்_கச்சான்:
ஏறும், கச்சான் காத்துல (மேற்கத்திக் காத்து) ஓரமாவும் ஒதுங்கும். 50 மீட்டர் தெரிஞ்ச தூரம், சைட்டை ஒரு தடவை வச்சா முடிஞ்சது, வேகத்தால பெரிய லாபம் இல்ல. ஆடியில மண்டபம் மைதானத்துல நிக்கற காத்துக்கு மெலிஞ்ச ஷாஃப்டும் (அம்புத் தண்டு) கனமான முனையும்தான் தாங்கும்.

தொண்டி_வெள்ளைமணல்:
வேகமாப் போனா காத்துல இருக்கற நேரமே குறையுமே அண்ணே.

பாம்பன்_கச்சான்:
நேரம் குறையும். ஆனா இலேசான அம்பு சீக்கிரமே வேகத்தை இழக்கும். ஓர ஒதுக்கத்தைத் தீர்மானிக்கறது அந்த இழப்புதான், மொத்த நேரம் இல்ல. தூரம் தெரியாத 3டி (மிருக உருவ இலக்கு) போட்டின்னா நீங்க சொல்றது நியாயம்.

கீழக்கரை_கேம்:
பவுண்டுக்கு 5 கிரெயின், அதாவது 60க்கு 300, அதுக்குக் கீழ மட்டும் யாரும் போகாதீங்க. அம்புக்குப் போகாத சக்தி லிம்ப்லயும் கேபிள்லயும்தான் இறங்கும்.

மண்டபம்_50மீ:
எடை 26.2 கிராம். இழுவிசை 25.6 கிலோ. ஆக்சில் நீளம் 37க்குப் பதில் 37¼. பங்குனியில முனையை 100 கிரெயின்லருந்து 120 ஆக்கினேன், நாக்ல பின் வச்சேன். அது கணக்குல வரும்னு நினைக்கல.

தேவிபட்டினம்_கணக்கு:
26.2 கிராம்னா 404 கிரெயின். இங்கதான் முழு விஷயமும் இருக்கு, கவனிங்க. அம்போட சக்தி = கிரெயின் × வேகம் × வேகம் ÷ 450240. மாசியில 380, 265: 59.3 அடி-பவுண்டு. இப்ப 404, 249: 55.6. குறைஞ்சது 6 சதவீதம். இழுவிசை 60லருந்து 56.4க்கு வந்ததும் அதே 6 சதவீதம். ஆக, உள்ள போற சக்திதான் குறைஞ்சிருக்கு, வில்லோட திறன் அப்படியே இருக்கு. பேரிங் பிடிச்சிருந்தா இந்தக் கணக்கு இப்படிப் பொருந்தாது. மீதி வேக இழப்பு அம்பு கனமானதால வந்தது, அது கோளாறே இல்ல.

கீழக்கரை காக்காவுக்கு (அண்ணனுக்கு): உராய்வையும் இதே தராசுல பாக்கலாம். 20 இஞ்ச்ல இழுக்கும்போது ஒரு அளவு, திரும்ப விடும்போது அதே 20ல ஒரு அளவு. இடைவெளி 2 கிலோவைத் தாண்டினாத்தான் ரோலரையும் பேரிங்கையும் சந்தேகப்படணும்.

ராம்நாடு_சீனியர்:
அதைத்தான் முதல்லயே கேட்டேன், எடை போட்டியான்னு.

உச்சிப்புளி_டியூனர்:
இப்ப வேலைக்கு வருவோம். போல்ட்டை இறுக்கினா எண் ஏறும், ஆனா கேம் தன் இடத்துக்கு வராது. நாளைக்குப் புதுக் கேபிள் மாட்டினதும் 60ஐத் தாண்டும், உலக வில்வித்தை விதியில காம்பவுண்டுக்கு 60தான் உச்சம்.

பிரெஸ் (லிம்பை அமுக்கிப் பிடிக்கற கருவி) இல்லாம கேபிளைக் கழட்டவே கூடாது. பிரெஸ்ல ஏத்தி, ரெண்டு கேபிளுக்கும் ஒவ்வொரு முழு முறுக்கு, ஏற்கெனவே இருக்கற முறுக்கோட திசையிலயே போடுங்க. இறக்கி அளங்க. 37 வரும் வரைக்கும் இப்படியே. அவசரப்பட்டு ஒரே தடவையா மூணு நாலு போட வேணாம்.

அப்புறம் டைமிங். அம்பு மாட்டி, இலக்கைப் பாத்து முழுசா இழுங்க. பக்கத்துல நிக்கறவர் ரெண்டு ஸ்டாப்பும் (கேம்ல இழுப்பை நிறுத்தற முளை) ஒரே நேரத்துல கேபிளைத் தொடுதான்னு பாக்கட்டும். மேல் கேம் முந்தித் தொட்டா, அந்தக் கேம்ல சுத்தற கேபிளுக்கு அரை முறுக்கு கூட்டுங்க. இடைவெளி குறையாம கூடினா அந்த அரையை எடுத்துட்டு மத்த கேபிள்ல போடுங்க. இது உங்களுக்கு இருக்கற இரட்டைக் கேமுக்கு மட்டும், ஒற்றைக் கேமுக்குப் பொருந்தாது.

கடைசியா நாக் உயரம், பீப் (நாண்ல இருக்கற பார்வைத் துளை) திரும்பியிருக்கா, ரெண்டும் பாருங்க. முனை 20 கிரெயின் கூடினதால ஷாஃப்ட் முன்னைவிட மென்மையா வளையும். இறகில்லாத அம்பு ஒண்ணை 18 மீட்டர்ல விட்டு, இறகுள்ளதோட சேர்ந்து குத்துதான்னு சரிபாருங்க.

மண்டபம்_50மீ:
ரெண்டு கேபிளுக்கும் ரெண்டு முறுக்கு, கீழ் கேமுக்கு அரை. 27.1 கிலோ. 258. இறகில்லாததும் சேர்ந்துதான் குத்துது. 120 முனை இருக்கட்டும், காத்து பலமா இருக்கு. நன்றி அண்ணே.

உச்சிப்புளி_டியூனர்:
258ம் 404ம் சேர்ந்தா 59.7 அடி-பவுண்டு, மாசிக் கணக்கைவிட ஒரு துளி கூட. கனமான அம்பு சக்தியை நல்லா வாங்கிக்கும். புது முறுக்கு 100 அம்புக்குள்ள கொஞ்சம் அமரும், சனிக்கிழமை சாயங்காலம் ஆக்சில் நீளத்தை இன்னொரு தடவை அளந்துட்டு சைட் மார்க்கை எழுதுங்க.

தொண்டி_வெள்ளைமணல்:
பிரெஸ் எங்க கிடைச்சுது தம்பி? ராமநாதபுரம் பக்கம் இருக்கா?