கேஷுவாலிட்டிக்கு வரும் போதை நோயாளிகள்: உங்கள் அனுபவம்

இரவு டியூட்டி செவிலியர்:
தாங்க முடியாத முதுகுவலி என்று ஒருவர் வந்தார். இரண்டு கையிலும் பழைய ஊசித் தழும்புகள். "வலிக்கு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று அவர் கேட்டதுமே, "ஊசிக்காக நடிக்கிறான்" என்று பக்கத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. ஆனால் கால் மரத்துப்போகிறது, சிறுநீர் பிரியவில்லை என்றார். டியூட்டி டாக்டரை மறுபடி கூப்பிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் தண்டுவடத்தைச் சுற்றிச் சீழ். விடிவதற்குள் அறுவை சிகிச்சை நடந்தது. போதை மருந்தை ஊசியில் ஏற்றுபவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் கலந்து முதுகெலும்புக்கும் போகும், இதய வால்வுக்கும் போகும். அவர்களுக்குக் காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்து வந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். நடிப்பு என்று ஒதுக்கியிருந்தால் அந்த மனிதருக்குக் காலே போயிருக்கும். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அவசர சிகிச்சை மருத்துவர்:
சிஸ்டர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளுக்குப் பழகிய உடம்பில் வழக்கமான அளவு வலி மருந்து எடுபடாது. அதனால் "இன்னும் வலிக்குது" என்று அவர்கள் சொன்னால் நான் நம்புகிறேன். போதை மருந்து நின்றதால் வரும் அவஸ்தையும் அப்படித்தான். விரிந்த கண்பாவையையும் சிலிர்த்து நிற்கும் மயிரையும் யார் நடித்துக் காட்ட முடியும்? அந்த நிலையில் கேஷுவாலிட்டியிலேயே, அவஸ்தையைத் தணிக்கும் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தொடங்கலாம். அவஸ்தை ஆரம்பிக்கும் முன்பே கொடுத்தால் அதுவே அவஸ்தையைக் கிளப்பிவிடும், அதனால் நேரம் பார்க்க வேண்டும். 2015-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், இப்படித் தொடங்கியவர்களில் 78 சதவீதம் பேர் 30 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். வேறு சிகிச்சை மையத்துக்குப் பரிந்துரை மட்டும் பெற்றவர்களில் அது 37 சதவீதம்.

ஒரு அக்கா:
போதை மருந்து அளவு மீறி, மூச்சு நின்றுபோன நிலையில் தம்பியைக் கொண்டுபோனோம். ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து, எல்லாரையும் திட்டிக்கொண்டே கிளம்பப் பார்த்தான். ஒரு செவிலியர் மட்டும் போர்வையோடு பக்கத்தில் வந்து, "தம்பி, நாங்க போட்ட மருந்து சீக்கிரம் இறங்கிடும். நீங்க எடுத்தது இன்னும் உள்ளேதான் இருக்கு. கொஞ்ச நேரம் படுங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அந்தக் குரலுக்குத்தான் கட்டுப்பட்டான். அப்புறம் அவர் சொன்னபடியே மூச்சு மறுபடி இறங்கியது. அங்கேயே இருந்ததால் இரண்டாவது ஊசி போட முடிந்தது.