மறுமொழி: ஓடைக் கரிமத்துக்குச் ‘சுழற்சி’ போதுமா?

வணக்கம்.

ஓடையில் கரிமம் (கார்பன்) நீருக்கும் உயிர்களுக்கும் இடையே மாறிமாறிக் கீழ்நோக்கிப் போவதை ஆங்கிலத்தில் ‘கார்பன் ஸ்பைரலிங்’ என்பார்கள். அதற்குக் ‘கரிமச் சுழற்சி’ என்ற சொல்லே போதும், புதுச்சொல் எதற்கு என்று இந்த இழையில் கேட்டிருந்தார்கள். போதாது என்றே நினைக்கிறேன். ஓடையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் காரணம் தெரியும்.

காட்டோடையில் ஓர் இலை விழுகிறது. ஊறிய ஓரிரு நாளிலேயே அதில் கரையக்கூடியவை பெரும்பாலும் தேநீர்ச் சாயம்போல நீரில் இறங்கிவிடும். மிஞ்சியது கல்லிடுக்கில் சிக்கி வாரக்கணக்கில் கிடக்கும். பூஞ்சை படர்ந்து அதைப் பதமாக்கும். அப்புறம் பூச்சிகளின் இளம்புழுக்கள் வந்து நரம்பை விட்டுவிட்டு மென்பகுதியை அரித்துத் தின்னும். அவை சிதறவிடும் துகளும் எச்சமும் அடித்துக்கொண்டு போய், சற்றுக் கீழே வலை பின்னிக் காத்திருக்கும் வேறொரு புழுவுக்கு இரையாகும். கரைந்துபோனதைக் கல்மேல் வழவழவென்று படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் உறிஞ்சும். ஒவ்வோர் உயிரும் மூச்சுவிடும்போது ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாகி வெளியேறும். மீதி மறுபடி நீருக்கு வரும், இன்னும் கீழே போகும்.

சுற்று இருக்கிறது, ஆனால் தொடங்கிய இடத்தில் முடிவதில்லை. ‘சுழற்சி’ என்றதும் திரும்பி வருதல்தான் மனத்தில் வரும். நீரோட்டம் அந்த வட்டத்தைக் கீழ்நோக்கி இழுத்துவிடுவதை அச்சொல் காட்டாது. சுருள்வில்லை இழுத்துப் பிடித்தால் என்ன தெரிகிறதோ, அதுதான் இங்கே நடப்பது. ஆகவே ‘சுருள்’ அடிச்சொல்லாக இருக்கட்டும்.

‘புரி’யையும் நினைத்துப் பார்த்தேன். வலம்புரி, முப்புரி என்று நல்ல வழக்குள்ள சொல். ஆனால் ‘கரிமப் புரிதல்’ என்று எழுதினால் கரிமத்தைப் பற்றிய அறிவு என்றுதான் யாரும் படிப்பார்கள். ‘சுருளோட்டம்’ காதுக்கு இனிமைதான். ஆனால் ஓட்டம் என்றால் நிற்காமல் போவது. கல்லிடுக்கில் கிடக்கும் இலையும் இந்தக் கதையில் பாதி. நின்று நின்று போவதற்கு ‘நகர்வு’ பொருந்தும். எனவே என் பரிந்துரை: சுருள்நகர்வு.

ஒரு கலைச்சொல் தன் கிளைச்சொற்களையும் தாங்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஓடைச் சூழலியலாளர் நியூபோல்டும் உடன் ஆய்வாளர்களும் இந்த நகர்வை நீளமாகவே அளந்து காட்டினார்கள். ஓடையில் சேர்ந்த உயிர்ப்பொருள் கரிமம், கார்பன் டை ஆக்சைடாக மாறும்வரை சராசரியாக எவ்வளவு தூரம் போகிறது என்பதே அளவு. ஓடையின் ஒரு மீட்டர் அகலத்தை நாளுக்கு 1,000 கிராம் கரிமம் கடக்கிறது, ஒரு சதுர மீட்டர் படுகையில் நாளுக்கு 1 கிராம் மூச்சாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 1,000 மீட்டர். இதைச் ‘சுருள்நீளம்’ என்றால் விளக்கமே வேண்டாம். ‘சுழற்சி நீளம்’ என்றால் வட்டத்தின் சுற்றளவு என்று தோன்றிவிடும்.

மேலே ‘உயிர்ப்பொருள் கரிமம்’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ‘ஆர்கானிக்’, ‘கார்பன்’ இரண்டுக்குமே நம் வழக்கில் ‘கரிமம்’தான்; அப்படி எழுதினால் ‘ஆர்கானிக் கார்பன்’ என்பது ‘கரிமக் கரிமம்’ ஆகிவிடும். இலங்கை வழக்கில் ‘சேதனக் காபன்’. அதில் இந்தச் சிக்கலே இல்லை. நாம் அதை எடுத்துக்கொள்ளலாமா என்று தனி இழையில் பேசுவோம்.

இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றும் கேட்டிருந்தார்கள். 2007-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, நிலத்திலிருந்து ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டன் கரிமம் வருகிறது; கடலைச் சேர்வது ஏறத்தாழ 90 கோடி டன். மீதி வழியிலேயே காற்றுக்குப் போகிறது அல்லது வண்டலில் புதைகிறது. ஆற்றை வெறும் குழாயாக எண்ணினால் இந்தக் கணக்கு விளங்காது.

வினைச்சொல்தான் எனக்கு இன்னும் அமையவில்லை. ‘சுருண்டு நகர்கிறது’ என்றால் அடிபட்டுச் சுருண்டதுபோல் இருக்கிறது. இப்போதைக்குச் ‘சுருளாக நகர்கிறது’ என்று எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.